எட்டு அடி நான்கு அங்குலம்

ஆண்டியப்பன் அளவு நாடாவின் பூச்சிய முனையைக் கோல் கம்பத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். மகள் ராஜினி மறுமுனைச் சுருளைப் பிரித்தபடி நடந்தாள். முப்பது மீற்றர் உருக்கு நாடா. ராஜினி வேலை செய்யும் நீர்ப்பாசன அலுவலகத்தின் சாமான். அலுவலகம் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் இயங்கியது. அளக்க வாய்க்கால் வேலை ஒன்றும் இல்லாததால் நாடாவை ஒரு காலைப் பொழுதுக்கு எடுத்து வருவது பெரிய காரியமாக இருக்கவில்லை.

1998 தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை. கல்மடு றோட்டுப் பள்ளிக்கூடத்து மைதானம். குறுக்குக் கம்புகள் இரண்டையும் பதுங்குகுழிக்கு மூடு போட எப்போதோ எடுத்துப்போயிருந்தார்கள். நிலைக் கம்பங்கள் பாலைமரம். அவற்றை யாராலும் பிடுங்க முடியவில்லை. ஆண்டியப்பன் நட்ட இடத்திலேயே நின்றன.

முதல் முப்பது. ஆணி குத்தினாள். அடுத்த முப்பது. ஆணி. கடைசித் துண்டு இருபத்தெட்டு மீற்றர் தொண்ணூறு. அவள் திரும்பவும் அளந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை. பிறகு நாடாவைக் கொஞ்சம் இறுக்கியும் ஒருமுறை. எண்பத்தெட்டு தசம் ஒன்பது சுழியம். மூன்று முறையும் அதே கணக்கு. முந்நூறு அடி இருக்கவேண்டிய நீளம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு அடி எட்டு அங்குலம் இருந்தது.

ஆண்டியப்பன் எழும்பி, சாரத்தைத் தட்டிவிட்டு, எவ்வளவு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கோல் கம்பத்தைப் பார்த்தார். பிறகு தொலைவிலிருந்த மற்றக் கம்பத்தைப் பார்த்தார். நாடாவைச் சுருட்டும்போது மண் போகத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார், ஒரு மீற்றரும் விடாமல்.

தகப்பனும் மகளுமாகச் செய்த கடைசி வேலை அதுதான்.

ஆண்டியப்பன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே அவருக்குக் கயிறு பிடிக்கும் வேலை. புதிதாகக் கன்று நடும் மலைச் சரிவில் கயிறு இழுத்து, வரிசை பிடித்து, குழிக்கு அடையாளம் போடுவது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயமும் எரிந்துபோக, மனைவி ஞானேஸ்வரியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தர்மபுரத்துக்கு வந்தார். வரும்போது கொண்டுவந்த சாமான்களில் அந்தச் சணல் கயிறும் ஒன்று. நூற்றைம்பது அடி. பத்தடிக்கு ஒரு முடிச்சு. ஒரு நுனியில் மட்டும் அடிக்கு ஒரு முடிச்சாகப் பன்னிரண்டு.

பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை கிடைத்தது. மைதானத்துக்குக் கோடு கீறும் வேலையையும் அவரே தலையில் போட்டுக்கொண்டார். நுனியிலிருந்த சின்ன முடிச்சுகளில் மூன்று, நான்கு, ஐந்து என்று முக்கோணம் பிடித்து மூலைமட்டம் எடுப்பார். சுண்ணாம்பு கிடைத்த காலத்தில் சுண்ணாம்பு. பொருளாதாரத் தடை வந்த பிறகு உமிச் சாம்பல். தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த ராஜினி, அந்த முக்கோணத்தைக் கண்டுபிடித்தவர் பைதகரஸ் என்று ஒருநாள் சொன்னாள்.

"அந்தத் தொரைய எனக்குத் தெரியாது. எனக்குக் கங்காணிதான் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

அவர் பந்து உதைத்தது குறைவு. பார்த்தது அதிகம். பார்த்தது எதையும் மறக்கமாட்டார். வடக்கில் எந்தக் கல்லூரி எந்த ஆண்டில் யாரை எத்தனைக்கு வென்றது, கோல் போட்டவன் எந்தக் காலால் போட்டான் என்பதெல்லாம் தலைக்குள் இருந்தன. எழுத்தில் ஒன்றும் இல்லை. சந்தியில் பழனியாண்டியின் சைக்கிள் கடையில், வால்வு டியூபுக்கும் பஞ்சர் ஒட்டுக்கும் காத்திருக்கிற ஆட்களுக்கு, எக்காலத்துக்கும் சிறந்த அணிகளை வரிசைப்படுத்திச் சொல்லுவார். தீவுப் பகுதிக்கு மூச்சு உண்டு, ஆள் தொகை இல்லை. மன்னாரில் வெறுங்காலால் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர்கள், தரைக்கு வந்தால் பிடிக்க ஏலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிடம் வித்தை இருக்கிறது, ஆனால் மழைக்கு உதவாது. வன்னிக்குக் கால் இருக்கிறது, சப்பாத்து இல்லை. இப்படிப் போகும்.

1995 கடைசியில் குடாநாடே இடம்பெயர்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் கதிர்காமநாதன் வந்தார். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கைவிடப்பட்ட ஒரு நெல் களஞ்சியத்தின் பின்பக்கத்தில் தகரம் அடித்துக் குடியிருந்தார். வீட்டை விட்டு வரும்போது அவர் எடுத்துவந்தது இரண்டு வேட்டியும் ஒரு கட்டுக் கொப்பியும். ஒரு கொப்பியில் நாற்பது வருட முடிவுகள். இன்னொன்றில் பன்னிரண்டு கல்லூரிகளின் நிரந்தர வரிசை, நீலப் பேனையால். பன்னிரண்டும் ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டுக்குள்.

இரண்டு பேரும் சைக்கிள் கடையில் சந்தித்துக்கொண்டது பழனியாண்டிக்கு நல்ல காலம். ஒட்டுக்கு வந்தவன் ஒட்டுப் போட்டு முடிந்தும் போகமாட்டான். ராஜினி வேலை முடிந்து வரும் வழியில் நின்று கேட்பாள். கோப்பைகளை வைத்துக் கணிப்பதா, நேருக்கு நேர் ஆட்டங்களை வைத்துக் கணிப்பதா என்று ஒரு கிழமை நடந்தது. அறுபதுகளின் அணி எண்பதுகளின் அணியை வெல்லுமா என்று ஒரு மாரி முழுக்க நடந்தது. அவள் ஒருமுறை எதிரணியின் பலத்துக்கு நிறை கொடுத்து, புள்ளி போட்டு, அட்டவணை ஒன்று தயாரித்துக் கொண்டுபோனாள். இரண்டு பேரும் அதை ஆறுதலாகப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

"ரெண்டு பேரோட லிஸ்டையும் இங்கயே வச்சிட்டுப் போங்க" என்றான் பழனியாண்டி. "கிறீஸ் தொடைக்கத் தாள் இல்லாமக் கெடக்கேன்."

வன்னியில் ஒருகாலமும் கோல்காப்பாளன் இருந்ததில்லை என்று கதிர்காமநாதன் ஒருநாள் சொன்னார். முல்லைத்தீவில் ஸுஹைர் இருந்தானே என்றார் ஆண்டியப்பன். 1990 ஐப்பசியில் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாவற்றையும் வெளியேறச் சொன்னபோது ஸுஹைரும் போனவன். புத்தளத்தில் ஏதோ முகாமில் இருப்பதாகக் கேள்வி. கதிர்காமநாதன் கொப்பியில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். "அவன் நல்லவன்தான்" என்றார்.

அவர் ஒருபோதும் ஆண்டியப்பனை மலையகத்து ஆள் என்று குத்திக் காட்டியதில்லை. மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லையும் சொன்னதில்லை. சொல்லாததை ஆண்டியப்பன் கவனித்து வைத்திருந்தார். அதனால்தான் மற்ற யாரிடமும் கேட்காத ஒன்றை அவரிடம் கேட்டார்.

1990 ஆனியில் நடந்த ஆட்டம் அது. குடாநாட்டிலிருந்து வடகரைக் கல்லூரி பஸ் பிடித்து வந்து கல்மடு றோட்டுப் பள்ளிக்கூடத்துடன் விளையாடியது. கதிர்காமநாதனின் வரிசையில் வடகரைக் கல்லூரி இரண்டாம் இடம். எழுபது நிமிட ஆட்டம். அறுபத்தோராம் நிமிடத்தில் பஸ் சாரதி மைதானத்துக்குள் ஓடி வந்தார். கிழக்கில் சண்டை தொடங்கிவிட்டது, ஆனையிறவுப் பாதையைப் பூட்டப்போகிறார்களாம். வடகரைப் பிள்ளைகள் போட்ட உடுப்போடு பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அந்த நேரத்தில் இரண்டுக்கு ஒன்று. கல்மடு றோட்டுப் பள்ளிக்கூடம் இரண்டு.

இரண்டாவது கோலைப் போட்டவன் சுமன். ராஜினியின் தம்பி. ஐம்பத்து நான்காம் நிமிடம், இடது கால்.

அடுத்த ஆண்டு ஆடியில் சுமன் ஆனையிறவுச் சண்டைக்குப் போனான். திரும்பவில்லை.

ஆண்டியப்பன் மகனைப் பற்றிக் கடையில் கதைப்பதில்லை. ஆட்டத்தைப் பற்றித்தான் கதைப்பார். அந்த ஆட்டம் கொப்பியில் ஏறவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. முடியாத ஆட்டத்துக்கு எண்ணிக்கை இல்லை என்று கதிர்காமநாதன் ஒரு வருடம் மறுத்தார். மைதானத்தை விட்டுப் போனது எந்த அணி என்று ஆண்டியப்பன் ஒரு வருடம் கேட்டார். கடைசியில், போன அணி தோற்ற அணிதான் என்று கதிர்காமநாதன் ஒத்துக்கொண்டார். ஆனால் வடகரைப் பக்கத்தில் அப்போதே ஒரு முறைப்பாடு இருந்தது: மைதானம் சின்னன். நீளம் முந்நூறு அடிக்குக் குறைந்தால் அது மைதானமே இல்லை, அங்கே நடந்தது ஆட்டமும் இல்லை.

ஆண்டியப்பன் சிரித்தார். கயிறு பிடித்தது அவர்.

"உங்கட மகளே அளக்கட்டும்" என்றார் கதிர்காமநாதன். "அந்தப் பிள்ளை சொல்லுறதை நான் அப்பிடியே எழுதுறன்."

அதற்காகத்தான் அந்த நாடா.

அளந்து முடித்து, மைதானத்திலிருந்து சந்திக்கு நடந்தார்கள். பத்து நிமிட நடை. வேறு எண் ஒன்றைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று ராஜினி பிறகு பல தடவை யோசித்தாள். எட்டு அடி நான்கு அங்குலத்தை மறைப்பது கஷ்டமில்லை. நாடாவை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே அவள் ஒருத்திதான்.

கடையில் ஆறேழு பேர். கதிர்காமநாதன் கொப்பியை மடியில் விரித்துப் பேனை மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"எவ்வளவு பிள்ளை?"

ராஜினி தகப்பனைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி. அளந்தது அளந்ததுதான்."

சொன்னாள். அடி, அங்குலம், மீற்றர் எல்லாவற்றிலும் சொன்னாள். அளவில் வரக்கூடிய பிழை இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். படித்தது அப்படி.

கதிர்காமநாதன் பேனையை மூடினார். வென்ற முகம் இல்லை. மத்தியஸ்தர் ஆட்டத்துக்கு முன்னம் மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, சரி என்று ஏற்றிருந்தால் அது வேறை கதை என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அளவைப் பற்றிக் கேட்க ஏலாது. ஆனால் அவர் எழுதித் தரவேண்டும். அன்றைக்கு விசில் ஊதியவர் கனகலிங்கம். வவுனியாத் தபால் கந்தோர் ஆள். இப்போதும் வவுனியாவில்தான் இருக்கவேண்டும்.

பின்னேரம் ராஜினி கயிற்றை எடுத்தாள். நீட்டி அளந்தாள். நூற்றைம்பது அடி சரியாக இருந்தது. ஆண்டியப்பன் கிணற்றடியிலிருந்து தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"நனைச்சில்ல புடிக்கிறது" என்றார். "நனைச்சாத்தான் தொய்யாம நேரா நிக்கும். கங்காணி சொன்னது."

நனைத்து அளந்தாள். நூற்று நாற்பத்தைந்து அடி பத்து அங்குலம். இரண்டு தடவை போட்டால் எட்டு அடி நான்கு அங்குலம் குறையும். சணல் ஈரத்தில் சுருங்கும். முதலாம் வருடப் பாடம். இருபது வருடமாக வீட்டு மூலையில் தொங்கிய கயிறு அது. ஒருநாளும் அவள் அதை அளந்து பார்க்கவில்லை.

"தேயிலைக்கு நாலடி கொறைஞ்சா கேக்க ஆளில்ல" என்றார் அவர். கயிற்றை வேலியில் காயப் போட்டார்.

அடுத்த மூன்று நாளும் அவர் கடைக்குப் போகவில்லை. குசினி வாசலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார். எழுதித் தரவா என்று ராஜினி கேட்டாள். வேண்டாம் என்றார். தபால் மூட்டை புதன்கிழமைகளில் போகும். வவுனியாவுக்குப் போய்ச்சேர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். போகட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை முடித்து உறையில் போட்டார். முத்திரை மார்கழியிலிருந்து தர்மபுரத்தில் இல்லை. விசுவமடுவில் இருக்கிறதாம். அங்கே சைக்கிளில் போய் முத்திரை வாங்குவது தன்னுடைய வேலை, இதில் ஒருவரும் தலையிட வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை காலை குளிர்ந்து நடுங்கினார்.

அந்த மாரியில் வீட்டுக்கு ஒருவருக்கு மலேரியா. குளோரோகுயின் கொடுத்தார்கள், ஞானேஸ்வரி கஞ்சி கொடுத்தாள். செவ்வாய் குறைந்தது. புதன் திரும்பி வந்தது. வியாழன் அவருடைய கதை குழம்பத் தொடங்கியது. உழவு மெசினில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்ததுதான். கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருவர். இரத்தம் பார்த்த பிள்ளை, மூளைக்கு ஏறிவிட்டது, நரம்பால் ஏற்றுகிற மருந்து வேண்டும் என்றாள். மருந்து முடிந்து ஒன்பது நாள். லொறி வருகிறதாம். எந்தப் பாதையால், என்றைக்கு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

ராஜினி ஒரு வெப்பமானி கேட்டு வாங்கினாள். மணிக்கு ஒருமுறை பார்த்து, வெளிக்கள வேலைக் கொப்பியின் கட்டங்களில் புள்ளி வைத்தாள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தாள். குளத்து நீர்மட்டத்தை அப்படித்தான் கீறுவார்கள். மட்டம் ஏறினால் திறக்க வான்கதவு இருக்கும். இங்கே கீறத்தான் முடிந்தது. நாற்பது தசம் இரண்டு. நாற்பது தசம் ஆறு. டொக்டர் ஒருமுறை கொப்பியை வாங்கிப் பார்த்தார். வடிவாய்க் கீறியிருக்கிறீர் என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவரும் காய்ச்சலோடுதான் நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆண்டியப்பன் கண் திறந்தார். ஆளைத் தெரிந்தது.

"தாயி. அந்த எட்டடி எந்தப் பக்கம் கொறைஞ்சுது?"

நீளத்துக்குப் பக்கம் கிடையாது. அவள் அதைச் சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் சமன், அப்பா" என்றாள். "நாலடி நாலடி."

அவர் யோசித்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

"ஓம் அப்பா. ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்."

அதைத்தான் அவள் கடையில் சொல்லியிருக்கவேண்டும். வடகரைப் பிள்ளைகள் ஓடிய மைதானமும் அதே இருநூற்றுத் தொண்ணூற்றொரு அடி எட்டு அங்குலம்தான். அளவில் வரும் பிழைக்கு இரண்டு அங்குலம் சொல்ல வாய் வந்தது. இதற்கு வரவில்லை.

பன்னிரண்டரை மணிக்குப் பிறகு அவள் புள்ளி வைக்கவில்லை. லொறி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அவருடைய எட்டாம் நாள் செலவு முடிந்த மறுநாள் கதிர்காமநாதன் வீட்டுக்கு வந்தார். கொப்பி கையில் இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அவர் முற்றத்திலேயே நின்று பக்கத்தைப் பிரித்து ராஜினியிடம் நீட்டினார். நிரந்தர வரிசை. பன்னிரண்டாம் இடத்திலிருந்த பெயரை வெட்டிவிட்டு, கல்மடு றோட்டுப் பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தார். மற்றக் கொப்பியையும் காட்டினார். 1990 ஆனி, இரண்டுக்கு ஒன்று, சுமன் ஐம்பத்து நான்காம் நிமிடம்.

மற்றதெல்லாம் நீலப் பேனை. இந்த இரண்டு வரியும் பென்சில்.

உள்ளே ஞானேஸ்வரி அரிசி புடைக்கும் சத்தம் நின்று, பிறகு கேட்டது.

"அழியுங்கோ சேர்."

"ஏன் பிள்ளை? மனமறிஞ்சுதான் எழுதினனான்."

"தெரியும் சேர். அப்பா உங்களிட்டை இடம் கேக்கேல்லை. அந்த மட்ச் நடந்தது எண்டு ஒத்துக்கொள்ளச் சொல்லித்தான் கேட்டவர்." சுளகின் சத்தம் திரும்பவும் நின்றது. "கனகலிங்கத்தாற்றை கடிதம் வரட்டும். பேனையாலை எழுதுங்கோ."

அவர் சேட்டுப் பையைத் தடவி அழிறப்பர் எடுத்தார். பழனியாண்டி கடைக்குப் போகிறீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். ஆண்டியப்பன் இல்லாமல் அங்கே போய் யாரோடு கதைக்கிறது என்றார். அழித்த தூளை ஊதிவிட்டு, கொப்பியைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து போனார். அடுத்த வருடம் பயணத்துக்குப் பெயர் பதிந்து, கப்பலில் குடாநாட்டுக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

ஆண்டியப்பனின் கடிதம் ஒட்டாத உறைக்குள் வீட்டில்தான் இருந்தது. அன்று அவள் வாசித்தாள்.

'கனகலிங்கம் ஐயா அவர்களுக்கு. மைதானம் எட்டு அடி நாலு அங்குலம் கொறைவு. கயித்த நனைச்சுப் புடிச்சது நான். பிழை என்னோடது. புள்ளைகள் பேரில் பிழை இல்லை. ஆட்டத்துக்கு மொதல்ல நீங்க சுத்தி நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. சரின்னு தலையாட்டினீங்க. அத எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். மறந்திருந்தா மறந்தேன்னு எழுதுங்க. அதும் போதும்.'

கீழே ஆண்டியப்பன் என்று முழுப் பெயர். முகவரி உறையில் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு தர்மபுரத்துக்கும் முத்திரை வந்தது. முடிந்தது. திரும்ப வந்தது. இப்போது 2001 மார்கழி. வவுனியாப் பாதை திறக்கப்போவதாகக் கதை அடிபடுகிறது. கனகலிங்கம் உயிரோடு இருக்கிறாரா என்று ராஜினிக்குத் தெரியாது. பதில் வந்தால், எதுவாக இருந்தாலும், கொண்டுபோய்க் கொடுக்க அந்தச் சந்தியில் ஒருவரும் இல்லை. கடிதம் அவளுடைய வெளிக்கள வேலைக் கொப்பியில், காய்ச்சல் கீறிய பக்கத்துக்குள் இருக்கிறது. புதன்கிழமைகளில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தபால் கந்தோரைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாள்.

உறையின் வலது மேல் மூலை வெறுமையாக இருக்கிறது. முத்திரை வாங்குவது தன்னுடைய வேலை என்று அவர் சொல்லியிருந்தார்.